ராமநாதபுரக் கரையில் அலைப்பலகை: உள்ளே எந்த நுரை, எவ்வளவு அடர்த்தி?

அலைச்சறுக்குப் பலகை ஒன்றைச் சொந்தமாகச் செய்து பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, உள்ளே வைக்கும் நுரையின் அடர்த்தி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத்தான். தேடினால் கிடைக்கும் விடைகளில் பெரும்பாலானவை கலிஃபோர்னியா, ஹவாய், ஆஸ்திரேலியக் கரைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அங்கே பலகையின் முதல் எதிரி அலை. ஆளுயரத்துக்கு மேல் எழும் அலை மடிந்து விழும்போது பலகை நடுவில் முறிகிறது. தேவிபட்டினத்தில் தொடங்கி மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என்று நீண்டு, திரும்பிக் கீழக்கரை, சாயல்குடி வரை போகும் ராமநாதபுரக் கரையில் அப்படிப்பட்ட அலை குறைவு. இங்கே பலகையைக் கெடுப்பவை வெயில், ஏறி நிற்பவரின் குதிகால், வண்டியில் ஏற்றி இறக்கும் கை, ஆழமில்லாத இடத்தில் உரசும் பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டு ஆகிய நான்குமே. எதிரி மாறும்போது நுரையைத் தேர்ந்தெடுக்கும் கணக்கும் மாறியாக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கடலின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாக் விரிகுடாவை இங்குள்ள மீனவர்கள் வடகடல் என்பார்கள்; மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். வடகடலின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. கிழக்கே இலங்கையும் தெற்கே ராமேஸ்வரம் தீவும் அதையடுத்த மணல்திட்டுகளும் அடைத்துக்கொண்டிருப்பதால், தொலைதூரப் புயல்களில் பிறந்து பெருங்கடலைக் கடந்து வரும் நீண்ட அலை உள்ளே நுழைவதில்லை. தென்கடலில் மண்டபம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளாகக் கணக்கிடப்படும் திட்டுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பார்களும் அலையை வெளியிலேயே உடைத்துவிடுகின்றன. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடியின் தென்கரையிலும், வாடைக்காற்றின் மாதங்களில் வடகரையிலும் அலை எழும். அது காற்று கிளப்பிவிடும் குட்டையான, நெருக்கமான அலை. ஆகவே இந்தக் கரையில் ஓடும் பலகைகளில் நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகைகளும், கற்றுக்கொள்பவர்களுக்கான நீளப் பலகைகளும், பட்டம் கட்டிக் காற்றின் இழுப்பில் ஓட்டும் பலகைகளுமே அதிகம்.

மிதப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள தொடர்பு

நுரை லேசாக இருந்தால் பலகை வெகுவாக மிதக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். 75 லிட்டர் கொள்ளளவுள்ள 9 அடிப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது முழுதும் அமிழ்ந்தால் ஏறத்தாழ 77 கிலோ கடல்நீரை விலக்கும். உள்ளே கனமீட்டருக்கு 16 கிலோ அடர்த்தியுள்ள நுரை இருந்தால் அதன் எடை 1.2 கிலோ. 24 என்றால் 1.8 கிலோ, 32 என்றால் 2.4 கிலோ. அடர்த்தியை இரட்டித்தும் கூடிய எடை 1.2 கிலோதான், 77 கிலோ மிதப்பில் அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. தலையில் சுமந்து மணலில் நடக்கும்போதும் அலைமேல் பலகையைத் திருப்பும்போதும் அந்த எடை தெரியும். தண்ணீரில் எவ்வளவு மிதக்கிறது என்பதைத் தீர்மானிப்பது பலகையின் கொள்ளளவே தவிர நுரையின் அடர்த்தி இல்லை.

நுரையின் உண்மையான வேலை வேறு. நுரையின்மேல் ரெசினில் தோய்த்த கண்ணாடி இழைத் துணி உறையாகப் போர்த்தப்படுகிறது. பலகை வளையும்போது மேலுறை அமுங்குகிறது, கீழுறை இழுபடுகிறது. நடுவிலுள்ள நுரை இரண்டு உறைகளையும் விலக்கிப் பிடித்து, ஒன்றுக்கொன்று வழுக்காமல் தடுக்கிறது. உறைகளுக்கு இடையிலான தூரம் இரட்டித்தால் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால்தான் 12 சென்டிமீட்டர் தடித்த துடுப்புப் பலகை லேசான நுரையிலும் விறைப்பாக நிற்கிறது. 6 சென்டிமீட்டர் தடிமனுள்ள அலைப்பலகைக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

முறிவு எங்கே தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமுங்கும் பக்கத்து உறை சுருக்கம் விழுந்து மடங்குவதிலிருந்துதான் பெரும்பாலும் பலகை முறியத் தொடங்குகிறது. உறை எவ்வளவு அழுத்தம் வரை சுருங்காமல் தாங்கும் என்பது, உறையின் விறைப்பு, நுரையின் அமுக்க விறைப்பு, நுரையின் சறுக்கு விறைப்பு ஆகிய மூன்றையும் பெருக்கி வரும் தொகையின் கனமூலத்தைப் பொறுத்தது. அடர்த்தியை இரட்டித்து நுரையின் இரண்டு விறைப்புகளும் இரட்டித்தால் பெருக்குத்தொகை நான்கு மடங்காகும். நான்கின் கனமூலம் ஏறத்தாழ 1.6. அதாவது இரண்டு மடங்கு நுரை போட்டு வாங்கும் பாதுகாப்பு 1.6 மடங்கே. அதே இடத்தில் கண்ணாடி இழைத் துணியை இரண்டு அடுக்காக்கினால் உறை தாங்கும் மொத்த விசை இரண்டு மடங்காகிறது. முறியாமல் இருப்பது மட்டுமே குறிக்கோள் என்றால், நுரையைவிடத் துணிக்குச் செலவழிப்பதே லாபம்.

நசுக்கும் எண்ணும் உண்மையில் வேண்டிய எண்ணும்

தெர்மாகோல் என்று நாம் அழைக்கும் விரிவாக்கிய பாலிஸ்டைரீனுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4671, கனமீட்டருக்கு 15, 20, 25, 30, 35 கிலோ என்று அடர்த்தி வகைகளை வகுத்திருக்கிறது. விற்பவர்கள் வலிமை என்று சொல்லும் எண் பெரும்பாலும் 10 விழுக்காடு அமுங்கும்போது நுரை தரும் எதிர்ப்பு. 60 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையில் 10 விழுக்காடு என்பது 6 மில்லிமீட்டர் பள்ளம். அந்த அளவு அமுங்கிய நுரை முழுதாகத் திரும்ப எழும்பாது. பலகை செய்பவருக்கு வேண்டியது 1 விழுக்காடு அமுக்கத்தில் கிடைக்கும் எண்; அதுவரை நுரை பெரும்பாலும் பழைய நிலைக்கு மீளும்.

சாலைக் கரைகளுக்கு அடியில் நிரப்பும் தெர்மாகோலுக்கான அமெரிக்கத் தரநிலையான ஏ.எஸ்.டி.எம். டி 6817 இரண்டு எண்களையும் தருகிறது என்பதால் அதை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். கனமீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ உள்ள 15 வகைக்கு, அழுத்தத்தை அளக்கும் கிலோபாஸ்கல் அலகில், 1 விழுக்காட்டில் 25, 10 விழுக்காட்டில் 70. 22 வகைக்கு 50, 135. 29 வகைக்கு 75, 200. 39 வகைக்கு 103, 276. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 15-இலிருந்து 29-க்குப் போகும்போது எடை இரண்டு மடங்கைக்கூட எட்டுவதில்லை. மீளும் எல்லையோ 25-இலிருந்து 75-ஆக, மூன்று மடங்காகிறது. 29-இலிருந்து 39-க்குப் போனால் எடையும் எல்லையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் உயர்கின்றன. லேசான முனையில் கிலோவுக்குக் கிடைக்கும் ஆதாயம் பெரிது என்பதால், மிக லேசான நுரையை விட்டு ஒரு படி மேலே ஏறுவது எப்போதும் பலன் தரும். அதற்கும் மேலே ஏற ஏறக் காரணம் கேட்க வேண்டும்.

இந்த எண்களைக் குதிகாலுக்கு எதிரே வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு குதிகாலில் நின்றால், 25 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 275 கிலோபாஸ்கல் அழுத்தம் விழுகிறது. மேலே சொன்ன எந்த நுரையாலும் அதை மீளும் எல்லைக்குள் தாங்க முடியாது. நுரைமேல் ஒட்டியிருக்கும் உறை, அரை மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ளது என்றாலும், அந்தச் சுமையைச் சுற்றிலும் பரப்பிவிடுவதால்தான் பலகை பிழைக்கிறது. 15 வகை நுரைக்கு அந்த 70 கிலோவை 275 சதுர சென்டிமீட்டருக்குப் பரப்பியாக வேண்டும். வட்டமாக நினைத்தால் ஆரம் 9 சென்டிமீட்டருக்கு மேல். 22 வகைக்கு 137 சதுர சென்டிமீட்டர் போதும், ஆரம் 6.6. 29 வகைக்கு 92 சதுர சென்டிமீட்டர், ஆரம் 5.4. குதிகாலின் ஆரம் 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அரை மில்லிமீட்டர் உறையைக் குதிகாலுக்கு அப்பால் 6 சென்டிமீட்டருக்கு மேல் சுமையைக் கடத்தச் சொல்வதற்கும், 3 சென்டிமீட்டருக்குள் கடத்தச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான், ஒரு பருவம் ஓடிய பலகையின் மேல்தளத்தில் நாம் பார்க்கும் பள்ளங்கள். இது அசையாமல் நிற்கும் சுமைக்கான கணக்கு. துள்ளி எழுந்து நிற்கும்போதும் முழங்காலை ஊன்றும்போதும் அழுத்தம் இதைவிடக் கூடும். தனக்கென்று ஒரு பலகை வைத்திருப்பவர் நிற்கும் இடம் தெரிந்ததால் அங்கே மட்டும் துணியைக் கூட்டிக்கொள்ளலாம். கற்றுத்தரும் இடத்திலோ நாளெல்லாம் ஆள் மாறி ஆள் ஏறுவார்கள். எவர் எங்கே மிதிப்பார் என்று சொல்ல முடியாது.

மூன்று நுரைகள்

1950-களின் பிற்பகுதி வரை பலகைக்குப் பால்சா மரமே பெயர்போனது. 1958-இல் கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டரும் கோர்டன் கிளார்க்கும் பாலியூரித்தேன் நுரையில் பலகை செய்து விற்கத் தொடங்கினார்கள். பின்னர் கிளார்க் தனியே நடத்திய நுரை ஆலை அமெரிக்கச் சந்தையின் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டது. 2005 டிசம்பர் 5 அன்று அந்த ஆலை திடீரென மூடப்பட்டபோது பலகை செய்பவர்கள் திகைத்துப்போய், அதுவரை ஓரமாக இருந்த பாலிஸ்டைரீன் பக்கம் பலர் திரும்பினார்கள்.

பாலியூரித்தேன் கட்டி பொதுவாகக் கனமீட்டருக்கு 35 முதல் 48 கிலோ வரை இருக்கும். உப்புத்தாளுக்கு அது இணங்குவது போல வேறெந்த நுரையும் இணங்காது. அச்சில் வார்க்கப்படுவதால் வெளிப்புறம் அடர்த்தியாகவும் உள்ளே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும். எனவே மேல்தளத்தில் மெல்லச் சீவிக் கீழ்த்தளத்தில் அதிகம் எடுப்பது வழக்கம்; மேலே ஆழமாகச் சீவுபவர் குதிகால் விழும் இடத்திலுள்ள வலுவான நுரையைக் குப்பையில் போடுகிறார். வாங்கிய கட்டியின் அடர்த்தி என்று சொல்லப்படுவது சராசரி மட்டுமே. செதுக்கி முடித்தபின் மிஞ்சுவது அதைவிடக் குறைவு. எடை கூடுதலான பலகை, காற்று கிளப்பும் குட்டை அலையில் தடதடக்காமல் ஊடுருவிப் போகும் என்பது ஓட்டுபவர்களின் பரவலான அனுபவம். வடகடலுக்கு அது பொருந்தும். ஆனால் இந்தக் கட்டி ராமநாதபுரத்திலோ மதுரையிலோ கடைக்குப் போய் வாங்கக்கூடிய பொருளாக இல்லை. சூடான கம்பியால் இதை அறுக்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறுத்தால் எழும் புகை நஞ்சு.

தெர்மாகோலை இந்தக் கரைக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதைக் கட்டிச் சுற்றி மிதவையாக்கி, தனியாள் ஏறி மீன்பிடிக்கும் தெப்பங்களைப் பாம்பன் பக்கம் காணலாம். மலிவு, கம்பியால் அறுக்கலாம், வேண்டிய அடர்த்தியில் வாங்கலாம். ஒரு கட்டுப்பாடு மட்டும் கடுமையானது. ஃபைபர் படகு கட்டுபவர்களும் பழுதுபார்ப்பவர்களும் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசினைத் தெர்மாகோல்மேல் நேராகப் பூசினால், அதிலுள்ள ஸ்டைரீன் நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். எபாக்சி என்ற வேறு வகை ரெசின்தான் ஒரே வழி. அதன் விலை கூடுதல் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அழுத்தி நீட்டிய பாலிஸ்டைரீன் என்ற மூன்றாவது நுரையை, கூரைக்கு வெப்பத்தடுப்பாகப் போடும் வண்ணப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். மணிகள் கிடையாது, அறைகள் எல்லாம் மூடியவை, தண்ணீர் ஏறவே ஏறாது என்று சொல்லுமளவுக்குக் குறைவாக ஏறும். காகிதத்தில் பார்த்தால் இதுவே முதல் பரிசு வாங்க வேண்டும். ஆனால் வழவழப்பான அதன் பரப்பில் எபாக்சி சரியாகப் பிடிப்பதில்லை. வெயிலில் சூடேறும்போது அறைகளுக்குள்ளிருந்து கசியும் வாயு வெளியேற வழியில்லாமல் உறைக்குக் கீழே கொப்புளமாகத் திரளுகிறது. இந்த வெயிலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டியைச் சோதிப்பது

அடர்த்தியை விற்பவரின் சொல்லுக்கு விடவேண்டியதில்லை. கட்டியின் நடுப்பகுதியிலிருந்து 10 சென்டிமீட்டர் நீள அகல உயரமுள்ள ஒரு கனசதுரத்தை அறுத்தெடுத்துச் சமையலறை மின்தராசில் வைத்தால் போதும். அது சரியாக ஒரு லிட்டர். தராசு காட்டும் கிராம் எண்தான் கனமீட்டருக்கான கிலோ எண்: 24 கிராம் காட்டினால் அடர்த்தி 24. ஓரத்திலிருந்து எடுக்கக் கூடாது, ஏனென்றால் பெருங்கட்டியின் வெளிப்புறம் நடுவைவிடச் சற்றுக் கனமாக இருக்கக்கூடும். ஆலையிலிருந்து புதிதாக வந்த கட்டியில் நீராவியின் ஈரமும் தங்கியிருக்கும். சில நாள் காற்றாடவிட்டு நிறுத்தால்தான் எண் உண்மையைச் சொல்லும்.

அடுத்த சோதனைக்குத் தராசும் வேண்டாம். அந்தத் துண்டைக் கையால் ஒடித்து, ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பாகு பதமாக இருந்த பொரி உருண்டையைப் பிட்டால் பொரியே உடையும், பதம் தப்பியிருந்தால் பொரி பொரியாக உதிரும்; தெர்மாகோலும் அப்படித்தான். நன்றாக இளகி ஒட்டிய கட்டியில் பிளவு மணிகளைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும், முகம் சொரசொரப்பாக வெட்டுப்பட்ட அறைகளைக் காட்டும். சரியாக ஒட்டாத கட்டியில் முழு மணிகள் உருண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும், நகத்தால் நெருடினால் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். அரைத்த பழைய நுரையைக் கலந்து வார்த்த கட்டிகளில் இந்தக் குறை அதிகம். தராசில் 25 காட்டியும் ஒடிப்பில் தோற்கும் கட்டியைவிட, 20 காட்டி ஒடிப்பில் தேறும் கட்டியையே நான் எடுப்பேன், ஏனென்றால் மணிகளுக்கு இடையிலுள்ள சந்துகள்தான் தண்ணீர் போகும் வழி.

அந்தத் தண்ணீரின் அளவு அற்பமானதல்ல. வெப்பத்தடுப்பு நுரைகளுக்கான ஏ.எஸ்.டி.எம். சி 578, சிறு துண்டுகளை 24 மணி நேரம் மூழ்கவைத்துச் சோதிக்கும்போது, 15 வகைக்குக் கொள்ளளவில் 4 விழுக்காடு வரையும், 22 வகைக்கு 3 வரையும், 29 வகைக்கு 2 வரையும் தண்ணீர் ஏற அனுமதிக்கிறது; நீட்டிய பாலிஸ்டைரீனுக்கு 0.3 மட்டுமே. உறை போட்ட முழுப்பலகையில் ஒரே ஒரு விரிசல் வழியாக இந்த எல்லை எட்டப்படாது என்றாலும், அளவைப் புரிந்துகொள்ள உதவும்: 75 லிட்டரில் 2 விழுக்காடு என்றால் ஒன்றரை கிலோ. லேசான நுரையைத் தேடி மிச்சப்படுத்திய எடை முழுவதையும், பாரில் உரசி யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு கீறல் திருப்பி வாங்கிவிடும்.

மணிகளைச் செதுக்கும்போது உதிரும் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. திறந்த வெளியில் செதுக்கினால் மணிகள் காற்றோடு நேரே அங்கேதான் போய்ச் சேரும். மூடிய கொட்டகையில் செதுக்கி, தூளைச் சாக்கில் கட்டிவைப்பது கட்டாயம்.

வெயில்

கனமீட்டருக்கு 24 கிலோ எடையுள்ள தெர்மாகோலில் 97 விழுக்காட்டுக்கு மேல் காற்றுதான். காலை 30 பாகையில் இருந்த பலகை மணலில் வெயில் காய்ந்து 65 பாகையைத் தொட்டால், அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 12 விழுக்காடு உயரும். கேட்பதற்குச் சிறியது. அரைச் சதுரமீட்டர் மேல்தளத்தின்மேல் அது உள்ளிருந்து ஏறத்தாழ 600 கிலோ எடைக்கு ஈடாகத் தள்ளுகிறது. உறை நன்றாக ஒட்டியிருந்தால் நுரை பிடித்துக்கொள்ளும். குதிகால் பட்டுப் பட்டு நுரை நைந்த இடத்தில் உறை பிரிந்து உப்பும். அமுக்க வலிமையும் வெப்பத் தாங்குதிறனும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. பள்ளம் விழுந்த இடம்தான் கொப்புளமாகும் இடம் என்பதால், அடர்த்தியைக் கூட்டிப் பள்ளத்தைத் தவிர்ப்பது கொப்புளத்தையும் தவிர்க்கிறது. தெர்மாகோலே 80 பாகையை நெருங்கும்போது இளகத் தொடங்கும். சூடேற்றிப் பதப்படுத்தாத எபாக்சி 50, 60 பாகையிலேயே தளரும். கறுப்பு வண்ணமும் அடர்நீலமும் அடித்த பலகையை வெயிலில் போட்டால் இந்த எல்லைகளை எட்டுவது பெரிய காரியமில்லை.

மேல்தளத்தில் ஒரு சிறு காற்றுத் திருகு வைப்பது இதற்கான வழக்கமான ஏற்பாடு. மணிகளின் சந்துகள் வழியாகக் காற்று நகர்ந்து திருகு வழியே வெளியேறும். நீட்டிய பாலிஸ்டைரீனில் சந்துகள் இல்லாததால் திருகு வைத்தும் பயனில்லை. திருகைத் திறந்து வைத்தபடியே கடலில் இறக்கிவிடுவதும் நடக்கிறது என்பதால், காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு பொருத்திய திருகே பொதுப் பயன்பாட்டுப் பலகைக்கு நல்லது. எதிர்த்திசையில் நடப்பது இன்னும் மோசம். வெயிலில் காய்ந்த பலகையை அப்படியே கடலில் போட்டால் உள்ளே காற்று சுருங்கி, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீர்மட்டத்துக்குச் சமமான உறிஞ்சல் உண்டாகிறது. மேலுறையில் ஊசிமுனை விரிசல் இருந்தாலும் அந்த வழியே கடல்நீர் உள்ளே இழுபடும். பனையோலைக் கொட்டகை நிழல் ஒன்று போதும், இவற்றில் பாதியைத் தவிர்க்கலாம்.

இதே காரணத்தால் எபாக்சி பூசும் நேரமும் முக்கியம். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற நுரைக்குள்ளிருந்து காற்று வெளியே தள்ளி ஈரமான உறையில் ஊசித்துளைகளை உண்டாக்கும். பிற்பகல் நான்கு மணிக்குப் பின், வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசினால் நுரை ரெசினை உள்ளிழுத்துக்கொள்ளும். அதற்கும் முன்பாகக் கண்ணாடி நுண்குமிழித் தூள் கலந்த எபாக்சியால் மணிச் சந்துகளை அடைத்துவிட வேண்டும். இல்லையேல், மணி பெரிதாக உள்ள லேசான நுரை ரெசினைக் குடித்துக் குடித்துத் தன் எடைச் சலுகையைத் தானே தின்றுவிடும்.

லேசான நுரைக்கு ஓர் இடம்

இவ்வளவும் சொன்னதால் 15 வகை எதற்கும் உதவாது என்று கொள்ள வேண்டாம். 180 லிட்டர் துடுப்புப் பலகையில் 15-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம் 2.7 கிலோ, பிரப்பன்வலசைக் கரையில் அதைத் தனியாகத் தூக்கி நடப்பவருக்கு அது பெரிது. அங்கே செய்யக்கூடியது, லேசான நுரையின் மேல்தளத்தில் மட்டும் 3 மில்லிமீட்டர் பி.வி.சி. நுரைத் தகட்டை இரண்டு துணி அடுக்குகளுக்கு நடுவே ஒட்டுவது. கனமீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ள டிவினிசெல் வகைத் தகட்டின் அமுக்க வலிமை 1400 கிலோபாஸ்கல். சதுரமீட்டருக்கு அது கூட்டும் எடை 240 கிராமே. அடர்த்தியைப் பலகை முழுக்கப் பரப்பாமல், குதிகால் விழும் 3 மில்லிமீட்டரில் குவித்துவைக்கிறோம். உறையின் தடிமனும் கூடுவதால் சுமை பரவும் பரப்பும் விரிகிறது.

இதில் ஒரு பொறி உண்டு. தகட்டை ஒட்ட, பலகையை உள்ளே வைத்துப் பம்பால் காற்றை உறிஞ்சி அழுத்தும் வெற்றிடப் பை தேவை. முழு வெற்றிடம் என்பது 101 கிலோபாஸ்கல். 15 வகை நுரை 70-இலேயே 10 விழுக்காடு நசுங்கிவிடும். பம்பை முழுக்க ஓட்டினால் செதுக்கிய வடிவமே குறுகிப்போகும். மீளும் எல்லையான 25 கிலோபாஸ்கலுக்குள், அதாவது பாதரச அளவில் 7 அங்குலத்துக்குள் நிறுத்தியாக வேண்டும்.

வெற்றிடப் பம்பு இல்லாத பட்டறைக்கு என் பரிந்துரை இது. கற்றுத்தரும் பலகைக்கு 25 வகைத் தெர்மாகோல், மேலே சதுரமீட்டருக்கு 200 கிராம் துணி இரண்டு அடுக்கு, கீழே ஒரு அடுக்கு. துடுப்புப் பலகைக்கு 20 வகையும் நிற்கும் இடத்தில் மூன்றாவது துணியும். தனுஷ்கோடித் தென்கரை அலைக்கான மெல்லிய பலகைக்கு 30 வகை, நடுவே நீளவாக்கில் பதிக்கும் மரத்தண்டுடன். பாலியூரித்தேன் கட்டி எப்படியாவது கிடைத்தால் அதுவே மேல். பட்டத்தோடு எகிறிக் குதித்து இறங்கும் பலகைக்கு 30-க்குக் கீழே போகவே கூடாது. ஆலையில் சொல்லும்போது அடர்த்தியை எழுத்தில் கேட்க வேண்டும், பழைய நுரை கலக்காத புது மணி, சிறு மணி என்று குறிப்பிட வேண்டும், ஷீட்டாக அறுக்காமல் பலகையின் நீளத்துக்கு ஒரே கட்டியாகக் கேட்க வேண்டும். லாரியில் ஏற்றும் முன் ஓரத் துண்டு ஒன்றை வாங்கி அங்கேயே ஒடித்துப் பார்த்துவிடுவது நல்லது.